பானையை விட்டுக் கல்லுக்கு மாறியவர்கள்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், பே வெர்ட் தீபகற்பத்தின் வடமுனையில் ஃப்ளூர் டி லீ என்றொரு சிறிய மீனவக் கிராமம் இருக்கிறது. ஊரை ஒட்டியே மாக்கல் பாறைச்சுவர் ஒன்று. அதன் முகம் முழுக்கச் சதுரமாகவும் நீள்சதுரமாகவும் முட்டை வடிவிலும் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளமும் ஒரு சட்டியோ விளக்கோ பெயர்த்தெடுக்கப்பட்ட இடம். சில இடங்களில் சுற்றிலும் காடி வெட்டியிருக்கிறார்கள், ஆனால் நடுவிலுள்ள கட்டி இன்னும் பாறையிலேயே ஒட்டிக்கொண்டு புடைத்து நிற்கிறது. வெட்டியவர்கள் டோர்செட் பண்பாட்டு மக்கள், அதாவது இனுயிட்டுகளின் முன்னோர்களுக்கு முன்பே இந்த வடக்குக் கரைகளில் வாழ்ந்தவர்கள். காலம், கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குள்.

பானை செய்யத் தெரியாததால் கல்லைக் குடைந்தார்கள் என்று இதைப் பார்த்ததும் முடிவுகட்டத் தோன்றும். முதலில் கல், அப்புறம் மண், அப்புறம் உலோகம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம். வட துருவக் கரையில் இந்த வரிசை செல்லாது. டோர்செட்டுக்குப் பின் வந்த தூலே மக்கள், அதாவது இன்றைய இனுயிட்டுகளின் முன்னோர்கள், அலாஸ்காவில் இருந்தவரை மண்பானையும் மண் விளக்கும் செய்தவர்கள். கி.பி. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் கிழக்கே பரவியபோது பானைகளைக் கையோடு கொண்டும் வந்தார்கள். எல்ஸ்மியர் தீவுக்கு அருகே ஸ்க்ரேலிங் தீவிலுள்ள ஆரம்பகாலத் தூலே வீடுகளில் அந்தப் பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பிறகு மண்ணை விட்டுவிட்டுக் கல்லுக்கு மாறிவிட்டார்கள். தெரிந்த தொழிலை ஒரு சமூகம் ஏன் கைவிடுகிறது என்ற கேள்விக்கு விடை அடுப்பில் இருக்கிறது, களிமண்ணில் இல்லை. கல்சட்டித் தொல்லியலை அடுப்பிலிருந்து தொடங்கிப் படிப்பதே சரி என்பது என் கட்சி.

அலாஸ்காவிலும் பானைத் தொழில் சுகமாக நடக்கவில்லை. வனைந்த பானை காயவேண்டும். அங்கே கோடை குறுகியது, காற்றில் எப்போதும் ஈரம். சுடுவதற்கு விறகு வேண்டும். மரமில்லாத கரையில் ஆறு அடித்துக்கொண்டு வரும் மிதவை மரம்தான் விறகு. விளைவு, தடித்த, அரைவேக்காட்டுப் பானைகள். தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடக்கூடிய தரம். தொல்லியலாளர்கள் கேரன் ஹாரி, லியம் ஃப்ரிங்க் குழுவினர் 2009இல் வெளியிட்ட சோதனைகள் இந்த இடத்தில் முக்கியமானவை. சரியாகச் சுடாத பானையிலும் சீல் என்ற கடல்விலங்கின் எண்ணெயும் இரத்தமும் பூசினால் அது தண்ணீரைத் தாங்கிச் சமையலுக்கு உதவும் என்று அவர்கள் செய்தே காட்டினார்கள். அப்படியும் அந்தப் பானைக்குத் திறந்த நெருப்பு வேண்டும். யூக்கான், மெக்கன்சி போன்ற பேராறுகளின் முகத்துவாரங்களில் மிதவை மரம் ஏராளம். கனடாவின் வடக்குத் தீவுக்கூட்டத்துக்குள் போகப் போக அது அருகிவிடுகிறது. மிச்சமிருக்கும் எரிபொருள் சீலின் கொழுப்பு ஒன்றுதான். கொழுப்பை எரிக்க விளக்கு வேண்டும். விளக்கே அடுப்பாகிவிட்டால், அதற்கு மேலே தொங்கும் பாத்திரம் வேறு மாதிரி இருந்தாக வேண்டும்.

அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இனுயிட்டுகள் இதை குல்லிக் என்பார்கள். அரைநிலா வடிவம், முன்விளிம்பு நேர்க்கோடு, பின்விளிம்பு வளைவு. நடுவே ஆழமில்லாத பள்ளம், முன்விளிம்பை நோக்கிச் சரிந்து மேலேறும். சில பழைய தூலே விளக்குகளில் எண்ணெய்ப் பள்ளத்துக்கும் திரி விளிம்புக்கும் நடுவே ஒரு வரப்போ, வரிசையான சிறு குமிழ்களோ செதுக்கியிருப்பார்கள். திரி என்றால் முறுக்கிய நூல் கிடையாது. காய்ந்த பாசியைப் பொடித்து, பஞ்சுப்புல்லின் வெண்பஞ்சோடு கலந்து, கொஞ்சம் எண்ணெயில் பிசறி, முன்விளிம்பு நெடுக மெல்லிய வரம்பாக வைப்பார்கள். ஒரு முனையில் பற்றவைத்து, சிறு குச்சியால் தீயைக் கொஞ்சம் கொஞ்சமாக மறுமுனைவரை இழுப்பார்கள். எரிவது ஒரு சுடராக இருக்காது, விளிம்பு நீளத்துக்கும் ஓடும் தாழ்வான சுடர்வேலியாக இருக்கும்.

எண்ணெய் எடுப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. உறைந்த கொழுப்பை எலும்பாலோ கொம்பாலோ ஆன சுத்தியால் அடித்து நசுக்கினால் கொழுப்புச் செல்கள் உடைந்து, விளக்கின் லேசான சூட்டிலேயே எண்ணெய் இறங்கிவிடும். நசுக்காமல் துண்டாகப் போட்டால் திரி எண்ணெயில்லாமல் வறளும். சுடருக்கு மேலே ஒரு கொழுப்புத் துண்டைத் தொங்கவிட்டால் அது உருகிச் சொட்டுச் சொட்டாக விளக்கைத் தானே நிரப்பும். விளக்கை முன்பக்கம் ஒரு நூல் தாழ்வாகச் சாய்த்து வைப்பதும் இதே கணக்கில்தான். அதிகம் சாய்ந்தால் எண்ணெய் விளிம்பைத் தாண்டி வழிந்து கீழே கருகும். சாயாவிட்டால் பள்ளத்தில் எண்ணெய் கிடக்க, விளிம்பில் திரி கருகும். திரியை உயர்த்தி வைத்தால் புகையும் கரியும். தாழ்த்தி வைத்தால் தீ அணையும். இதையெல்லாம் கண்காணிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. தூக்கம் உட்பட இருபத்துநான்கு மணி நேரமும் அந்த வேலை ஓயாது.

சுடர் நேர்க்கோட்டில் எரிவதால் அதற்கு மேலே தொங்கும் சட்டியும் நீள்சதுரம். நான்கு மூலையிலும் துளையிட்டுக் கயிறு கட்டி, ஆடை உலர்த்தும் சட்டத்திலிருந்து தொங்கவிடுவார்கள். வட்டப் பானையை இந்த விளக்கின் மேல் வைத்தால் சுடரின் இரு முனைகளும் வீணாகும். ஆக, விளக்கும் சட்டியும் சேர்ந்து ஒரே கருவி. அருங்காட்சியகங்களில் இவற்றை வெவ்வேறு பெட்டிகளில் வைத்து, ஒன்றுக்கு 'ஒளி' என்றும் இன்னொன்றுக்கு 'சமையல்' என்றும் தலைப்பிடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 45 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம், சுவர் ஒன்றரை செ.மீ. தடிமன் என்று ஒரு சட்டியை வைத்துக்கொள்வோம். மாக்கல்லின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.8 கிராம். சட்டியின் எடை ஏறக்குறைய 11 கிலோ வரும். கொள்ளளவு ஒன்பதரை லிட்டர். அதில் 5 கிலோ பனிக்கட்டியைப் போட்டுக் கொதிக்கவைப்பதாக வைத்துக்கொண்டால், உருக்கச் சுமார் 1,670 கிலோஜூல், கொதிநிலைக்குக் கொண்டுபோக இன்னொரு 2,100, சட்டி தான் சூடேறுவதற்கு விழுங்குவது 1,000க்கு மேல். ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் 125 கிராம் எண்ணெய் போய்விடும். நடைமுறையில் பெரும்பகுதி வெப்பம் காற்றில் கலப்பதால் செலவு இதைப் போலப் பல மடங்கு. ஆனால் பனிவீட்டுக்குள் காற்றில் கலக்கும் வெப்பத்தை வீண் என்று சொல்ல முடியுமா? வீட்டைச் சூடாக்குவதும் உடையை உலர்த்துவதும் குடிநீர் உருக்குவதும் அந்த 'வீண்' வெப்பம்தானே. சட்டி குடித்த ஆயிரம் கிலோஜூலும் தொலைந்துபோகாது. கல்சட்டியில் குழம்பு வைத்தவர்களுக்குத் தெரியும், அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் அது கொப்பளித்துக்கொண்டிருக்கும். சேலம் பக்கத்துக் கல்சட்டியும் இந்த வடக்கத்திச் சட்டியும் ஒரே மாக்கல் குடும்பம்.

மாக்கல்லின் முக்கியக் கனிமம் டால்க். மோஸ் கடினத்தன்மை அளவில் 1, நகத்தால் கீறலாம். குளோரைட், கார்பனேட், ட்ரெமோலைட் ஆகிய மற்ற கனிமங்கள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கல்லின் குணம் மாறும். டால்க் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சிதையாது, விளக்கின் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கார்பனேட் நரம்புகள்தான் வில்லன்கள். அவை விரிவடையும் விகிதம் வேறு, அதனால் விரிசல் அங்கேதான் தொடங்கும். திறந்த நெருப்பில் வைத்தால் கார்பனேட் சிதைந்து அந்த இடம் பொடிந்தும் போகும். ட்ரெமோலைட் நார்கள் கொஞ்சம் இருந்தால் கல்லுக்கு உறுதி, அதிகமானால் செதுக்கும்போது நார்நாராகப் பிளக்கும். பே வெர்ட் பகுதியில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரிய கல்நார்ச் சுரங்கம் நடந்தது தற்செயல் இல்லை. மாக்கல்லும் கல்நாரும் ஒரே வகை மக்னீசியப் பாறையின் பிள்ளைகள்.

இனி வெட்டும் முறை. ஃப்ளூர் டி லீ பாறையில் எல்லாக் கட்டங்களும் அப்படியே நிற்பதால் ஊகத்துக்கு வேலையில்லை. முதலில் பாறை முகத்தைக் கொத்திச் சமன்செய்து, காற்றும் மழையும் அரித்த மேல்தோலை நீக்குகிறார்கள். பிறகு வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் சுற்றிலும் காடி வெட்டுகிறார்கள். கருவி கடினக் கல்லில் செய்த உளி, உலோகம் கிடையாது. உளி பிடித்த கை நுழையும் அளவு காடி அகலமாக இருந்தாக வேண்டும், ஆகவே ஒரு கட்டியை எடுக்க ஏறக்குறைய அதே அளவு கல் தூளாகப் போகும். அடுத்த கட்டம்தான் ஆபத்தானது. கட்டியின் அடிப்பக்கம் உள்நோக்கிச் சரிவாகக் குடைந்து, நடுவில் ஒரு காம்பு மட்டும் மிஞ்சும்போது ஆப்பு வைத்து நெம்புகிறார்கள். காம்பு தடிமனாக இருந்தால் பிளவு கட்டிக்குள் ஓடிவிடும். கல்லின் படலத் திசையைக் கவனிக்காமல் நெம்பினாலும் அதே கதிதான்.

காடி மட்டும் வெட்டிப் பாதியில் விட்ட கட்டிகளைச் 'சோம்பல்' என்றோ 'ஊரைக் காலிசெய்தார்கள்' என்றோ படிக்கக்கூடாது. அவற்றில் பலவற்றை உற்றுப் பார்த்தால் குறுக்கே ஒரு நரம்போ மயிரிழை விரிசலோ ஓடும். காடி ஆழமாகும்போதுதான் குறை தெரியும், தெரிந்த கணமே வேலையை நிறுத்துவது நல்ல கொத்தனுக்கு அடையாளம்.

பெயர்த்த கட்டியை அங்கேயே ஓரளவு குடைந்து எடை குறைப்பார்கள். இறுதிச் செதுக்கல் பெரும்பாலும் குடியிருப்பில் நடக்கும். அதனால் குவாரியில் பெரிய சில்லும் உடைந்த அரைகுறைப் பாத்திரமும் கிடைக்கும், குடியிருப்பில் மென்தூளும் முடிந்த பாத்திரத்தின் துண்டும் கிடைக்கும். சலிக்காமல் அகழ்ந்தால் அந்தத் தூள் சாம்பல் நிற மண்ணாகத் தோன்றிக் கைநழுவிவிடும்.

காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரீன்லாந்தின் சாக்காக் மக்கள், ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, கையடக்கமான வட்ட மாக்கல் விளக்குகளை வைத்திருந்தார்கள்; டிஸ்கோ விரிகுடாவின் கெகெர்டாசுஸ்ஸுக் தளம் இதற்கு நல்ல சான்று. அவர்களின் சமையல் பெரும்பாலும் சூடேற்றிய கற்களை நீரில் போடும் முறையில் நடந்தது. டோர்செட் காலத்தில் கல்சட்டிகள் பெருகுகின்றன. தட்டையான அடி, வெளிநோக்கிச் சாய்ந்த மெல்லிய சுவர், சிறிய அளவு. தூலே காலத்தில் எல்லாமே பெரிதாகிறது. ஒரு மீட்டர் நீளத்தைத் தொடும் விளக்குகளும் உண்டு.

இந்த இரண்டு பண்பாடுகளின் துண்டுகளையும் பிரிக்க ஓர் எளிய வழி துளையைப் பார்ப்பது. டோர்செட் மக்களிடம் துளையிடும் வில் கிடையாது. அவர்களுக்கு முன்பிருந்தவர்களிடம் துளைப்பான் இருந்தது, இவர்கள் அதை ஏனோ கைவிட்டார்கள். துளை வேண்டிய இடத்தில் இருபுறமும் கூர்க்கல்லால் கீறிக் கீறிக் காடியை ஆழமாக்கி, இரண்டு காடிகளும் நடுவில் சந்திக்கும்போது ஓட்டை விழும். ஆகவே டோர்செட் துளை கண் வடிவில் நீண்டிருக்கும், ஓரத்தில் கீறல் கோடுகள் தெரியும். தூலே துளை வில்லால் சுழற்றியது. வட்டமானது, உள்ளே வளையக் கோடுகள் இருக்கும். கைப்பூதக்கண்ணாடி போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. டோர்செட்காரர்கள் விட்டுச்சென்ற துண்டைத் தூலேக்காரர்கள் பொறுக்கி, தங்கள் துளையைப் போட்டு மறுபடி பயன்படுத்தியிருக்கலாம். ஒரே துண்டில் இரண்டு வகைத் துளையும் இருந்தால் முதலில் இந்தச் சாத்தியத்தைத்தான் யோசிக்கவேண்டும்.

துளைகளில் பெரும்பாலானவை பழுதுபார்த்ததால் வந்தவை. விரிசலின் இருபக்கமும் ஜோடி ஜோடியாகத் துளையிட்டு, தசைநாராலோ திமிங்கிலத்தின் வாயிலுள்ள பலீன் தகட்டுக் கீற்றாலோ இறுக்கிக் கட்டுவார்கள். தாமிரம் கிடைத்த, கனடாவின் வடகரையிலுள்ள கொரோனேஷன் வளைகுடாப் பகுதியில் தாமிரக் கம்பி. கட்டு பாத்திரத்தின் மேல் புடைத்து நிற்காதபடி துளைகளுக்கு நடுவே ஒரு சிறு காடியும் வெட்டுவதுண்டு. கட்டிய பிறகும் எண்ணெய் கசியும் என்பதால் அடைப்பு வேண்டும். 1883-84இல் பாஃபின் தீவில் தங்கிய மானுடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ், சீல் இரத்தம், களிமண், நாய்மயிர் மூன்றையும் கலந்து ஒட்டியதைப் பதிவுசெய்திருக்கிறார். இரத்தப் புரதம் சூட்டில் உறைந்து பிடிக்கும், மண் இடத்தை நிரப்பும், மயிர் விரிசல் ஓடாமல் தடுக்கும்.

இந்த ஒட்டுக்கலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹட்சன் விரிகுடாவின் சவுத்தாம்ப்டன் தீவின் சாட்லெர்மியுட் மக்களைப் பார்க்கவேண்டும். கைக்கெட்டும் மாக்கல் அவர்களுக்கு இல்லை, சுண்ணாம்புக்கல் பலகைகள்தான் இருந்தன. பலகைகளைச் செதுக்கி, பெட்டிபோல் மூட்டி, விளிம்புகளை ஒட்டி விளக்கும் சட்டியும் செய்தார்கள். 1902-03 குளிர்காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பலோடு வந்த நோயில் அந்தச் சமூகம் ஏறக்குறைய முழுதாக அழிந்தது.

நல்ல கல் கிடைக்காத இடங்களுக்கு அது வணிகத்தில் போனது. கொரோனேஷன் வளைகுடாவுக்கு அருகே ட்ரீ ஆற்றுப் பகுதியின் மாக்கல்லில் செய்த சட்டிகளும் விளக்குகளும் கைமாறிக் கைமாறி மேற்கே அலாஸ்கா வரை சென்றன. 1881-83இல் அலாஸ்காவின் பாயின்ட் பேரோவில் இருந்த இயற்கையியலாளர் ஜான் மர்டாக், அங்கிருந்த மாக்கல் பாத்திரங்கள் கிழக்கிலிருந்து வந்தவை என்று எழுதியிருக்கிறார். மண்பானைக்காரர்களின் ஊருக்கே கல்சட்டி விலைபோயிருக்கிறது.

ஒரு துண்டு எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்பதைக் கண்ணால் சொல்ல முயல்வது வீண். நிறமும் மினுமினுப்பும் ஒரே பாறைக்குள் இரண்டடிக்கு ஒருமுறை மாறும். 1970களில் ரால்ஃப் ஆலன் குழுவினர் நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வை, அதாவது மாதிரியை நியூட்ரான்களால் தாக்கி அதிலுள்ள தனிமங்களை அளக்கும் முறையை, கொண்டுவந்தார்கள். 1980களில் அதே முறை லாப்ரடார் கடற்கரை மாக்கல்லுக்கும் பயன்பட்டது. லாந்தனம் முதல் லுட்டீஷியம் வரையான அருமண் தனிமங்களின் அளவை எடுத்து, விண்கல் அளவுகளால் வகுத்து, வரும் வளைகோட்டின் வடிவத்தைக் குவாரி மாதிரிகளோடு ஒப்பிடுவதுதான் உத்தி. வடிவத்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கார்பனேட் கூடக் குறைய இருந்தால் மொத்த அளவு ஏறும் இறங்கும், தனிமங்களுக்கு இடையிலான விகிதம் அந்த அளவுக்கு ஆடாது. இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒரு குவாரிக்கு ஓரிரு மாதிரி எடுத்து ஒப்பிடுவது. அந்தக் குவாரிக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்று தெரியாவிட்டால் பொருத்தம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. இன்னொன்று, எண்ணெய் ஊறிய மேற்பரப்பிலிருந்து தூள் எடுப்பது. உள்கல்லிலிருந்துதான் எடுக்கவேண்டும். இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் எக்ஸ்-கதிர் துப்பாக்கி, அதாவது தனிமங்களை அளக்கும் கைக்கருவி, குரோமியம், நிக்கல், இரும்பை நன்றாகக் காட்டும். முதற்கட்ட வடிகட்டலுக்குச் சரி, முடிவுகட்டுவதற்குப் போதாது.

கரி இன்னொரு பொறி. சட்டியில் தடிமனாகப் படிந்த கரியைப் பார்த்ததும் ரேடியோ கார்பன் சோதனைக்கு அனுப்பத் தோன்றும். அந்தக் கரி சீல் எண்ணெயிலிருந்து வந்தது. சீல் தின்ற மீனின் கார்பன் ஆழ்கடலில் நெடுங்காலம் கிடந்த பழைய கார்பன். அதனால் சராசரியாக 400 ஆண்டு, இடத்தைப் பொறுத்து இன்னும் அதிகம், மூப்பாகக் காட்டும். அதே தளத்தில் கிடைக்கும், நிலத்தில் வாழ்ந்த காரிபூ மானின் எலும்பையோ குட்டை வில்லோச் செடியின் குச்சியையோ அனுப்புவதே மேல். கரியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் எரிந்ததா, மீன் கொதித்ததா என்று அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் சொல்லும். கடல் உயிரிகளின் எண்ணெயை நீண்ட நேரம் கடுஞ்சூட்டில் வைத்தால் மட்டுமே உண்டாகும் வளைய அமிலங்கள் அதற்கு நம்பகமான அடையாளம். கரி எங்கே படிந்திருக்கிறது என்பதும் பேசும். அடியில் நீளவாக்கில் ஒரு பட்டையாக இருந்தால் விளக்கின் மேல் தொங்கியது. பக்கச் சுவரெல்லாம் ஏறியிருந்தால் கோடையில் குட்டைச் செடிகளை எரித்த திறந்த அடுப்பில் இருந்தது.

ஐரோப்பியர்களின் உலோகக் கெண்டி வந்ததும் முதலில் போனது சட்டி. கெண்டி இலேசானது, உடையாது, வேகமாகக் கொதிக்கும். விளக்கை மட்டும் பெயர்க்க முடியவில்லை. கொழுப்பை எரித்து ஓர் அறையைச் சூடாக்க ஐரோப்பியர்களிடம் மாற்றுப்பொருள் இல்லை, மண்ணெண்ணெய் ஸ்டவ் வரும்வரை குல்லிக் நீடித்தது. இதனால் ஐரோப்பியத் தொடர்புக் காலத் தளங்களில் சட்டித் துண்டு அருகி, விளக்குத் துண்டு மட்டும் தொடரும். பழைய சட்டியின் அடிப்பலகையை வெட்டிச் சிறு விளக்காக்குவதும் உண்டு. அப்படிப்பட்ட விளக்கில், திரி விளிம்புக்குப் பின்புறம், தொங்கவிடும் கயிற்றுக்காக யாரோ முன்பு இட்ட மூலைத் துளை காரணமே இல்லாமல் நிற்கும். அந்தத் துளையைக் கவனிக்காமல் விளக்கு வடிவத்தை மட்டும் பார்த்துக் காலம் குறித்தால், கல் வெட்டப்பட்ட காலம் தப்பிப்போகும்.